ஊசியை எறிந்தவர் யார்? குத்துப்பட்டவர் யார்?

மருத்துவமனை நோய் தீர்க்கும் இடம் என்கிறார்கள். நோயாளிக்கு அது உண்மை. ஆனால் அதே மருத்துவமனையின் பின்வாசல் வழியாக நாள் தவறாமல் நோய் வெளியே போகிறது. முன்வாசலில் பணம் கட்டியவர் குணமாகி வீடு திரும்புகிறார். பின்வாசலில் கூலி வாங்குபவர் நோயையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். அந்தப் பின்வாசலில் நிற்பவர் யார் என்று நாம் கேட்டால், பதிலுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் சாலில், நம் சந்தில், நம் வீட்டில் இருக்கிறார்கள்.

அம்பர்நாத்திலும் உல்லாஸ்நகரிலும் கல்யாணிலும் நர்சிங்ஹோம் பலகை தொங்காத தெரு குறைவு. தாராவி மக்களுக்குச் சயான் மருத்துவமனைதான் கதி. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பெரிதும் சிறிதுமாக எத்தனையோ தனியார் மருத்துவமனைகள். இவற்றில் தமிழ் டாக்டர்கள் சிலர் உண்டு, நர்சுகள் பலர் உண்டு. ஆனால் ஆயா, வார்டு பாய், துப்புரவுத் தொழிலாளி, குப்பை லாரித் தொழிலாளி, தெருவில் பொறுக்குபவர், பங்கார் கடையில் குந்தி உட்கார்ந்து பிளாஸ்டிக் பிரிப்பவர் என்ற வரிசையில் நம்மவரை எண்ணி மாளாது. அதிலும் தாழ்த்தப்பட்ட சமூகத்து ஆண்களும் பெண்களுமே முன்வரிசையில் நிற்கிறார்கள். ஊரில் எந்த வேலையைச் சாதியின் பேரால் தலையில் கட்டினார்களோ, அதே வேலை இங்கே ஒப்பந்தத்தின் பேரால் கட்டப்படுகிறது.

ஆகவே இந்த இதழில் நாம் எழுப்பும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். மருத்துவமனைக் கழிவைப் பிரிக்க வேண்டிய கை எது? இன்று பிரித்துக்கொண்டிருக்கும் கை எது?

சட்டம் சொல்வது

சட்டம் இல்லை என்று யாரும் தப்ப முடியாது. தில்லிக் குப்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் மருத்துவமனைகளைக் கண்டித்து ஆணையிட்டது. 1998இல் மருத்துவக் கழிவுக்கென்றே தனி விதிகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2016 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. அவை ஆயிரம் படுக்கை ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும், ஒரே ஒரு டாக்டர் உட்காரும் கிளினிக்குக்கும் பொருந்தும். தடுப்பூசி முகாமும் இரத்ததான முகாமும்கூட விலக்கல்ல.

விதிகளின் உயிர்நாடி நான்கு நிறங்கள். இரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, வெட்டியெடுத்த உடற்பகுதி, காலாவதியான மருந்து ஆகியவை மஞ்சள் பையில். சலைன் பாட்டில், குழாய், சிறுநீர்ப் பை, கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு ஆகியவை சிவப்புப் பையில். ஊசி, பிளேடு, கத்தி முதலான குத்துபவையும் வெட்டுபவையும், துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். மருந்துக் குப்பி, உடைந்த கண்ணாடி ஆகியவை நீலப் பெட்டியில். சாப்பாட்டு மிச்சம், காகிதம், பழத்தோல் இவை எதிலும் சேராமல் ஊர்க்குப்பையோடு தனியே போக வேண்டும்.

இதை யார் செய்ய வேண்டும்? இங்கேதான் தாய்மார்களும் தோழர்களும் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கழிவு எந்த இடத்தில் பிறக்கிறதோ அந்த இடத்திலேயே பிரிக்கப்பட வேண்டும் என்பது விதி. அதாவது, ஊசி போட்ட கையே அந்த ஊசியை வெட்டும் கருவியில் வெட்டி வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும். கட்டு அவிழ்த்த கையே அதை மஞ்சள் பையில் போட வேண்டும். ஒருமுறை கலந்த பிறகு அதைக் கிளறிப் பிரிக்கும் வேலை என்று ஒன்று சட்டத்தில் இல்லவே இல்லை. கலந்துவிட்ட பையைத் திறந்து பிரிக்கச் சொல்லும் மேற்பார்வையாளர் சட்டத்துக்குப் புறம்பான வேலையைச் சொல்கிறார்.

பொறுப்பு மருத்துவமனை நடத்துபவருடையது. பைகளுக்கு பார்கோடு ஒட்ட வேண்டியவர் அவர். பிரித்த கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்காமல் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒப்படைக்க வேண்டியவர் அவர். கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் போட வேண்டியவர் அவர். வேலையில் சேரும்போதும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் பயிற்சியும் உடற்சோதனையும் தர வேண்டியவர் அவர். கையுறை, பூட்ஸ், முகமூடி தர வேண்டியவரும் அவரே. நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் என்று விதி சொல்லவில்லை. கழிவைக் கையாளும் 'மற்றவர்களையும்' சேர்த்தே சொல்கிறது. 'நீ ஒப்பந்தக்காரர் ஆள், அவரிடம் போய்க் கேள்' என்று விரட்டுவதற்கு அங்கே இடமே இல்லை.

ஏட்டிலே இவ்வளவும் இருக்கிறது. வார்டிலே என்ன இருக்கிறது?

கலப்பதில் யாருக்கு இலாபம்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மருத்துவமனையில் சேரும் கழிவில் 100க்கு 85 பங்கு சாதாரணக் குப்பை. ஆபத்தானது 15 பங்குதான். இந்த 15ஐ அந்த 85ஓடு கலக்காமல் வைத்துவிட்டால் பிரச்சினை கையடக்கமாக நின்றுவிடும். கலந்த மறுகணமே 100 பங்கும் ஆபத்தாகிவிடும். இவ்வளவு எளிய கணக்கு, கோடிக்கணக்கில் முதல் போட்டு மருத்துவமனை கட்டியவர்களுக்கா தெரியாது?

தெரியும். கலப்பதில் வேறொரு கணக்கும் இருப்பதால்தான் கலக்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சில இடங்களில் கிலோ கணக்கில் கட்டணம், சில இடங்களில் படுக்கைக் கணக்கில் கட்டணம். கிலோ கணக்கு என்றால், ஆபத்தான கழிவில் ஒரு பகுதியை இரவோடு இரவாக நகராட்சித் தொட்டியில் தள்ளிவிட்டால் அவ்வளவும் மிச்சம். படுக்கைக் கணக்கு என்றால், பிரிக்கும் சிரமம் எதற்கு, எல்லாவற்றையும் மஞ்சள் பையில் திணித்து அனுப்பினாலும் அதே கட்டணந்தான். முன்னதில் ஊசி நம் தெருவுக்கு வருகிறது. பின்னதில் பிளாஸ்டிக் எரிந்து புகையாக நம் வீட்டுக்கு வருகிறது. எப்படிச் சுற்றினாலும் வந்து சேரும் முகவரி நம்முடையதுதான்!

இன்னொரு மிச்சமும் உண்டு. ஒவ்வொரு ஷிப்டிலும் பிரிப்பதைக் கண்காணிக்க ஆள் வேண்டும், பயிற்சிக்கு நேரம் வேண்டும், ஒவ்வொரு கட்டிலருகிலும் பெட்டி வேண்டும். இவற்றையெல்லாம் மிச்சப்படுத்திவிட்டு ஒப்பந்தக்காரரிடம் ஒரு தொகையைக் கொடுத்துக் கை கழுவுகிறார்கள். ஒப்பந்தக்காரர் தம் பங்கை எடுத்துக்கொண்டு, அதற்கும் கீழே ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மேலே மிச்சமானது பணம். கீழே செலவாவது உடல்.

ஊசியின் கணக்கு

நோயாளிக்குப் போட்ட ஊசி ஒன்று கையில் குத்திவிட்டால் என்ன ஆகும்? அந்த நோயாளியின் இரத்தத்தில் கிருமி இருந்தால், மஞ்சள் காமாலை பி தொற்ற 100க்கு 30 வரை வாய்ப்பு, காமாலை சி தொற்ற 100க்கு ஏறக்குறைய 2, எச்.ஐ.வி. தொற்ற 1000க்கு 3 என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூன்றில் மிகக் கொடியது எது என்று பாருங்கள். காமாலை பி! அந்த ஒன்றுக்குத்தான் தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. மூன்றே ஊசியில் பெரும் ஆபத்து நீங்கிவிடும். டாக்டருக்குப் போட்டிருக்கிறார்கள், நர்சுக்குப் போட்டிருக்கிறார்கள். பையைத் தூக்கும் ஆயாவுக்குப் போடவில்லை என்றால் அதை மறதி என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். யாருடைய உயிருக்கு என்ன விலை என்று முடிவு செய்துவிட்டார்கள் என்றுதான் சொல்வோம்.

நம் சங்கத்துக்கு வரும் சகோதரிகள் பலர் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். பை கிழிந்து ஊசி தொடையில் குத்துகிறது. மேற்பார்வையாளரிடம் சொன்னால் 'பார்த்துத் தூக்கக் கூடாதா?' என்று அதட்டல். எழுதிக்கொடு என்றால் 'நாளை முதல் வராதே' என்ற மிரட்டல். ஆகவே அடுத்த முறை குத்தினால் அவர்கள் சொல்வதே இல்லை. விபத்துப் பதிவேடு வெள்ளையாக இருக்கிறது. 'எங்கள் மருத்துவமனையில் விபத்தே இல்லை' என்று நிர்வாகம் மார்தட்டுகிறது. ஊமையின் வாயை அடைத்துவிட்டு ஊரில் புகாரே இல்லை என்பது போன்ற பெருமை இது!

2020 மார்ச் 22 அன்று மாலை நாடே மாடியில் நின்று கைதட்டியது, தட்டு தட்டியது. மருத்துவப் பணியாளருக்கு நன்றியாம். அடுத்த பத்தாவது நாள், ஏப்ரல் 1 அன்று, தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அந்த மாதங்களில் நோய்க்கூடத்திலிருந்து மஞ்சள் பைகளைச் சுமந்து இறக்கியவர்கள் யார்? கைதட்டல் ஓய்ந்த பிறகு அவர்களில் எத்தனை பேர் நிரந்தரமானார்கள்? தட்டின் ஓசையில் வயிறு நிறையாது, தோழர்களே!

பங்கார் கடை வரை

மருத்துவமனையோடு கதை முடியவில்லை. தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டு பழைய பிளாஸ்டிக்கைப் புதுப் பண்டமாக்கும் உழைப்புக்குப் பேர்போனது. இந்த நகரம் தூக்கியெறிவதை இழைத்து, கழுவி, அரைத்து, உருக்கி மறுபிறவி கொடுக்கும் அந்தக் கைகளுக்கு மும்பை கடன்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கடைகளுக்கு வரும் மூட்டைகளில் சலைன் பாட்டிலும் சிரிஞ்சும் முழு உருவத்தோடு வந்து விழுந்தால் என்ன பொருள்?

சிவப்புப் பையிலுள்ள பிளாஸ்டிக் முதலில் ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலத்தில் வேக வேண்டும். 121 டிகிரி சூட்டில் வேகவைத்தால் குறைந்தது 60 நிமிடம் அதற்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பிறகு அரைபட்டுத் துண்டு துண்டாக வேண்டும். அதன் பின்னரே அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் போக வேண்டும். ஆகவே சட்டப்படி வரும் மருத்துவப் பிளாஸ்டிக்கை யாராலும் சிரிஞ்சு என்று அடையாளம் காண முடியாது. அடையாளம் தெரிகிறபடி முழுசாக வந்தால், அது வேகவைக்காத சரக்கு. எங்கோ ஒரு பின்வாசலில் எவனோ காசு வாங்கிக்கொண்டு விற்ற சரக்கு. பங்கார் கடை நடத்தும் நம்மவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறோம். கிலோவுக்கு நாலு காசு கூடக் கிடைக்கிறது என்று அந்த மூட்டையை வாங்காதீர்கள். அதைப் பிரிக்க உட்காருவது உங்கள் அண்ணியும் தங்கையுந்தான்.

இந்தக் கள்ளச் சரக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2009இல் குஜராத்தின் மோடாசா சாட்சி சொல்லிற்று. அந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் காமாலை பி திடீரென்று பரவிப் பல உயிர்களைக் கொண்டுபோனது. ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவருக்கும் போட்டதுதான் மூலம் என்று கண்டார்கள். பழைய சிரிஞ்சுகளைச் சேர்த்து மறுபடி விற்கும் வியாபாரமும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. பின்வாசலில் போன ஊசி முன்வாசல் வழியாகவே திரும்பி வந்த கதை இது. 'குப்பைக்காரர் பிரச்சினை நமக்கென்ன?' என்று இருப்பவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

புகை போகும் திசை

இனி மஞ்சள் பையின் பயணத்தைப் பார்ப்போம். மும்பையின் மருத்துவக் கழிவை எரிக்கும் ஆலை 2009 முதல் கோவண்டியில் இயங்கியது. ஏன் கோவண்டி? மலபார் ஹில்லில் இடம் இல்லையா? ஜுகுவில் காற்று இல்லையா?

இதற்கு விடை வேண்டுமானால் அந்த வட்டாரத்தின் சரித்திரத்தைப் புரட்ட வேண்டும். தேவனார் குப்பை மேடு 1927 முதல் அங்கேதான். 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், அணுசக்தி நிலையத்துக்கு அருகிலிருந்த ஜனதா காலனியை இடித்துத் தள்ளினார்கள். அங்கிருந்த பல்லாயிரம் பேரை, அவர்களில் பெருந்தொகையான தமிழர்களை, சேற்று நிலத்தில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். அதுதான் இன்றைய சீட்டா கேம்ப். நகரம் வேண்டாம் என்று ஒதுக்கிய மக்களும் அங்கே. நகரம் வேண்டாம் என்று எறிந்த குப்பையும் அங்கே. பிறகு ஆஸ்பத்திரிப் புகையும் அங்கே. மூன்றும் ஒரே மாநகராட்சி வார்டில் வந்து சேர்ந்தது தற்செயலா? 2016 ஜனவரியில் தேவனார் மேடு பற்றியெரிந்து புகை நகரையே மூடியபோதுதான் மற்றவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்த மக்கள் ஒவ்வொரு நாளும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கோவண்டி மக்கள் சும்மா இருக்கவில்லை. நீதிமன்றம் ஏறினார்கள். 2023 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், இரண்டு ஆண்டுக்குள் ஆலையை ராய்காட் மாவட்டத்துக் காலாப்பூர்ப் பக்கம் மாற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த மக்களின் போராட்டத்துக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஆலை இடம் பெயரலாம், புகை குறையாது. காலாப்பூரிலும் ஆதிவாசிகள் இருக்கிறார்கள், கூலி உழவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நுரையீரல் இருக்கிறது. ஒரு ஏழையின் மார்பிலிருந்து எடுத்து மற்றோர் ஏழையின் மார்பில் வைப்பதோடு நீதி முடிந்துவிடுமா?

புகை குறைய ஒரே வழி, எரிக்க வேண்டாததை எரிக்காதிருப்பது. குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின், ஃப்யூரான் என்னும் கொடிய நஞ்சுகள் பிறக்கின்றன. உடலின் கொழுப்பில் தங்கித் தாய்ப்பால் வரை செல்லும் நஞ்சுகள் இவை. இவற்றைக் கட்டுப்படுத்தத்தான் 2001இல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் உடன்பாடு செய்தன. இந்தியா 2006இல் அதை ஏற்றது. குளோரின் கலந்த பைகளையும் கையுறைகளையும் 2019 மார்ச்சுக்குள் கைவிட வேண்டும் என்றும் நம் நாட்டு விதி சொல்லிற்று. சிவப்புப் பைக்குப் போக வேண்டிய குழாயும் பையும் மஞ்சள் பைக்குப் போனால் அவை நேரே உலைக்குள் விழும். ஆகவே கட்டிலருகில் ஒருவர் சோம்பலாக எறியும் ஒரு குழாய்க்கும், கோவண்டிக் குழந்தையின் இருமலுக்கும் நடுவே நீண்ட தூரம் இல்லை. வார்டில் பிரித்தால்தான் வானம் வெளுக்கும்.

ஊருக்குப் போனாலும் விடவில்லை

'இந்த மும்பையே வேண்டாம், திருநெல்வேலிக்கே போய்விடலாம்' என்று அலுத்துக்கொள்பவர்கள் நம்மில் உண்டு. அங்கே என்ன நடந்தது? 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது. கிளறிப் பார்த்தால் திருவனந்தபுரத்து மருத்துவமனைச் சீட்டுகள்! தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு, கேரளமே வந்து அள்ளிப் போக வேண்டும் என்றது. டிசம்பர் 22 அன்று கேரளத்து லாரிகள் வந்து அள்ளிச் சென்றன.

இதை மலையாளி தமிழர் சண்டையாக்கிக் குளிர்காய்ந்தவர்கள் உண்டு. அது நம் வழியல்ல. கொட்டியது கேரளத்து உழைப்பாளி மக்கள் அல்ல. செலவை மிச்சப்படுத்த நினைத்த நிர்வாகமும் அதற்குத் துணைபோன தரகர்களுந்தான். பணக்கார வார்டிலிருந்து ஏழை வார்டுக்குக் கழிவு வருவது போலவே, எல்லைக்கு அப்பாலிருந்து கேட்பாரற்ற கிராமத்துக்குக் கழிவு வந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீர் போல, கழிவும் பலமுள்ளவனிடமிருந்து பலமில்லாதவனிடம் ஓடுகிறது.

அதற்குப் பிறகு தமிழ்நாடு 2025இல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, மருத்துவக் கழிவு கொட்டுபவர்களையும் அதில் சேர்த்தது. கடுமை வேண்டியதுதான். ஆனால் அந்தச் சட்டம் யாரைப் பிடிக்கும்? லாரி ஓட்டிய கூலியாளைப் பிடிப்பது எளிது. ஓட்டச் சொன்ன முதலாளியைப் பிடிக்குமா? இன்னொரு பக்கம் தில்லியைப் பாருங்கள். 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில், விதி மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்ற பிரிவு இருந்தது. 2023இல் கொண்டுவந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அந்தச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டுப் பத்தாயிரம் முதல் 15 இலட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியது. 2024 ஏப்ரல் முதல் அதுதான் நடைமுறை. பெரிய மருத்துவமனைக்கு அபராதம் மற்றொரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். லாரி ஓட்டியவனுக்குக் குண்டர் சட்டம், ஓட்டச் சொன்னவனுக்கு ரசீது! இதுதான் சமநீதியா?

அவர்கள் சொல்லும் சாக்குகள்

'படிக்காத ஜனங்கள், சொன்னாலும் புரிவதில்லை' என்பது முதல் சாக்கு. ஊசியைப் பஞ்சுப் பைக்குள் எறிவது படிக்காத ஆயாவா? அவர் ஊசியே போடுவதில்லையே! பட்டத்தின்மேல் பட்டம் வாங்கியவர் எறிந்ததைத்தான் அவர் அள்ளுகிறார். நிறம் பார்த்துப் பையில் போட எழுத்தறிவு தேவையில்லை. பக்கத்து மனிதன் உயிர் என்ற நினைவு இருந்தால் போதும்.

'சிறிய நர்சிங்ஹோம், செலவு தாங்காது' என்பது இரண்டாவது. வாசலில் பளிங்கு பதிக்கத் தாங்கிய செலவு, வெள்ளைப் பெட்டிக்குத் தாங்கவில்லையாம். பிரிப்பதால் செலவு குறையும் என்பதுதான் உண்மை. 15 பங்குக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்வது மலிவா, 100 பங்குக்கும் செய்வது மலிவா?

மூன்றாவது சாக்கை நம்மவரே சொல்கிறார்கள். 'கேட்டால் வேலை போய்விடும்.' தனியாகக் கேட்டால் போகலாம். அந்த அச்சம் பொய்யல்ல, மாதக் கடைசியில் ரேஷனுக்கும் வாடகைக்கும் அல்லாடுபவரை நாம் கோழை என்று சொல்ல மாட்டோம். ஆனால் சேர்ந்து கேட்டவர்கள் பெற்றிருக்கிறார்கள். மும்பை மாநகராட்சியின் குப்பைத் தொழிலாளர்களை 'ஒப்பந்த ஆட்கள்' என்று பல்லாண்டு ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் சங்கமாகத் திரண்டு வழக்காடினார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம் 2,700 பேரை நிரந்தரமாக்கும் தீர்ப்பை உறுதி செய்தது. அவர்களும் நம்மைப் போலத் துடைப்பம் பிடித்த கைகள்தான்.

குத்திவிட்டால் செய்ய வேண்டியது

கோரிக்கை வெல்லும் வரை உயிர் காத்துக்கொள்ள வேண்டாமா? ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் இதைப் படித்துக் காட்டுங்கள். ஊசி குத்திவிட்டால் விரலை வாயில் வைக்காதீர்கள். அழுத்திப் பிழியாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடனே பொறுப்பாளரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். 'ஒன்றும் ஆகாது போ' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். காமாலை ஊசி மூன்றும் போட்டிருக்கிறதா என்று இன்றே வீட்டில் விசாரியுங்கள்.

நாம் கேட்பது

அம்பர்நாத் நகராட்சியிடமும், மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும், இவ்வட்டார மருத்துவமனை நிர்வாகங்களிடமும் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. கழிவு பிறக்கும் இடத்திலேயே பிரிக்க வேண்டும். கலந்த பையைக் கிளறும்படி எந்தத் தொழிலாளியையும் ஏவக் கூடாது. அந்தப் பையைத் தொட மறுப்பவரை வேலைநீக்கம் செய்யக் கூடாது.

2. ஒப்பந்தத் தொழிலாளி உட்பட அனைவருக்கும் காமாலை பி, டெட்டனஸ் ஊசிகளை மருத்துவமனை தன் செலவிலேயே போட வேண்டும். போட்ட சீட்டைத் தொழிலாளி கையில் கொடுக்க வேண்டும்.

3. ஊசிக்குத்து விபத்துகளைப் பதிவு செய்தவரைப் பழிவாங்கக் கூடாது. பரிசோதனை, மருந்து, விடுப்புக் கூலி அனைத்தும் நிர்வாகப் பொறுப்பு.

4. ஒவ்வொரு மருத்துவமனையும் ஆண்டறிக்கையை வெளியிட வேண்டும் என்பது விதி. அதைத் தமிழ், மராத்தி, இந்தி மொழிகளில் வாசலில் ஒட்ட வேண்டும். ஒட்டாத இடங்களைப் பற்றி 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி வாரியத்திடம் நாமே கேட்போம்.

5. பயிற்சி தொழிலாளிக்குப் புரியும் மொழியில் நடக்க வேண்டும். ஆங்கிலத் தாளில் கைநாட்டு வாங்குவதற்குப் பயிற்சி என்று பெயரல்ல.

6. நகராட்சித் தொட்டியில் ஊசி கிடந்தால், பொறுக்கியவரை விரட்டுவதற்கு முன் எறிந்த மருத்துவமனையைக் கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டும். பார்கோடு அதற்குத்தான்.

7. நாளும் நடக்கும் வேலைக்கு ஒப்பந்தம் எதற்கு? கழிவைக் கையாளும் தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும்.

இவற்றில் புதுச் சட்டம் கேட்பது ஒன்றோ இரண்டோதான். மற்றவை ஏற்கனவே விதியில் இருப்பவை. எழுதி வைத்ததை நடத்திக் காட்டுங்கள் என்று கேட்கவே இவ்வளவு குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே இந்த ஆட்சிமுறையின் இலட்சணம்.

தாய்மார்களே, தோழர்களே! பிழைப்பைத் தேடி வந்தோம், உழைப்பைத் தந்தோம். நோயை வாங்கிக்கொள்ள வரவில்லை. நாளை வேலைக்குப் போகும்போது உங்கள் வார்டில் நான்கு நிறப் பைகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெள்ளைப் பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடுகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு வந்து சங்கத்தில் சொல்லுங்கள். உங்கள் பெயர் வெளியே வராது. பத்துப் பேர் குறிப்பு சேர்ந்தால் அது மனு. நூறு பேர் சேர்ந்தால் அது ஊர்வலம்.

ஊசி பிடித்த கையே ஊசியைப் பெட்டியில் போடட்டும்! நம் கை இனி அதைக் குப்பையில் தேடாது!